புகை ஒரு கேள்வி, கூலன்ட் இன்னொரு கேள்வி

என் அக்காவின் காரில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பாட்டிலின் பக்கவாட்டில் ஐந்து கோடுகள் இருக்கின்றன. கறுப்பு மார்க்கர் பேனாவால் நான் போட்டவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தேதி. முதல் கோடு பாட்டிலில் அச்சிட்டிருக்கும் மேல் அளவை ஒட்டி நிற்கிறது. ஐந்தாவது கோடு அதற்கு ஒரு விரல் அகலம் கீழே. எல்லாமே காலையில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, வண்டி ஒரே இடத்தில் நிற்கும்போது போட்டவை.

முதல் கோட்டைப் போடுவதற்கு முந்தைய நாள்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவளிடம் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல் பகுதி; அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது. கூலன்ட்டும் குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் கேஸ்கெட். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அக்கா போனில், "என்னடா பண்றது, சரின்னு சொல்லிடவா?" என்று கேட்டாள். "ஒரு வாரம் பொறு அக்கா. தூரப் பயணம் எதுவும் வேண்டாம். டெம்பரேச்சர் முள் ஏறினால் உடனே நிறுத்திவிடு. நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு என் சொந்தக் காரில் இதற்கு நேர் எதிரான தவறைச் செய்திருந்தேன்.

பெட்ரோல் கார். கூலன்ட் பாட்டில் வாரத்துக்கு ஒருமுறை அடிமட்டத்துக்கு வந்துவிடும். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் இப்படியே போனது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பத்து வினாடி வண்டி குலுங்கும், ஒரு சிலிண்டர் பற்றாமல் மிஸ்ஸிங் அடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்றுதான் நான் ஏமாந்தேன். குளிருக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

ஒரு நீண்ட ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே முள் மெல்ல இறங்கிவிட்டது. அப்பாடா என்று இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஹெட் போனது அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் கூலன்ட்டில் முங்கியிருக்க வேண்டும். கூலன்ட் தீர்ந்து அந்த இடத்தில் ஆவியும் காற்றுமாக நின்றால், உலோகம் தகதகவென்று கொதித்தாலும் சென்சார் குறைவாகத்தான் காட்டும். இன்னொரு அறிகுறியும் இருந்தது. சூட்டைக் கொஞ்சம் வெளியே எடுக்கலாம் என்று ஹீட்டரைத் திருப்பினேன். குளிர்ந்த காற்று வந்தது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், சுற்றிவருவதற்கு உள்ளே கூலன்ட் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது அது வளைந்திருந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். வேறு ஹெட்தான் போட வேண்டியிருந்தது.

அதை இறக்கிய மெக்கானிக் வயதில் மூத்தவர். கோபப்படவில்லை. "காலைல புகை வந்தப்போ ஒரு தடவையாவது முகர்ந்து பார்த்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இல்லை அண்ணே என்றேன். கழற்றிய கேஸ்கெட்டை எடுத்துக் காட்டினார். இரண்டாவது சிலிண்டரின் வளையத்திலிருந்து பக்கத்துக் கூலன்ட் துளை வரைக்கும், பென்சிலால் தீற்றியது போல ஒரு கருப்புத் தடம். அரிசி மணி அகலம்கூட இருக்காது. இரண்டு மாதத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போயிருந்தது.

அந்தத் தடத்தை நான் மறக்கவே இல்லை. அது எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாமே புரிந்துவிடும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே ஹெட், கீழே பிளாக், நடுவில் கேஸ்கெட் என்ற தகடு. சிலிண்டருக்குள் எரியும் வாயு, இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இப்போது அழுத்தத்தைப் பாருங்கள். இன்ஜின் முழுச் சுமையில் இழுக்கும்போது, பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பாருக்கு மேல் போகும். கூலன்ட் பக்கம் இருப்பதோ சுமார் 1 பார். நடுவில் ஒரு கீறல் விழுந்தால் எது எதற்குள் நுழையும்? ஓடும்போது வாயுதான் கூலன்ட்டுக்குள் நுழையும். அதனால்தான் கேஸ்கெட் போன வண்டியில் ரேடியேட்டரில் குமிழி வருகிறது, ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறது, கூலன்ட் பாட்டில் வழியே பொங்கி வழிகிறது.

வண்டியை நிறுத்தியதும் கதை தலைகீழாகிவிடும். சிலிண்டரில் அழுத்தம் உடனே போய்விடுகிறது. கூலன்ட் பக்கம் சூடு இருக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறது, அதனால் அந்த 1 பார் வெகுநேரம் அப்படியே நிற்கும். இப்போது கூலன்ட்தான் அந்தக் கீறல் வழியாகச் சிலிண்டருக்குள் கசியும். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக பிஸ்டன் தலையில் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் அந்தச் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கும், மிஸ்ஸிங் அடிக்கும், தேங்கியது எரிந்து வெளியே போகும்வரை வெள்ளைப் புகை. பிறகு வாயு மறுபடி தள்ள ஆரம்பிக்கும், வண்டி சீராகிவிடும். நான் இரண்டு மாதம் பார்த்தது இதைத்தான். சரியாகிவிட்டது என்று நான் நினைத்த ஒவ்வொரு காலையும் உள்ளே அந்தத் தடம் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தேங்குவது கொஞ்சமாக இருக்கும்வரை புகையோடு போய்விடும். நிறையத் தேங்கினால் பிஸ்டன் மேலே வரும்போது நசுக்க இடம் இருக்காது. தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் 'டக்' என்று பாதியில் நின்றுவிட்டால் மறுபடி அடிக்கவே கூடாது.

சரி, புகைக்கு வருவோம்.

வெள்ளைப் புகை எல்லாமே நோய் இல்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எல்லா வண்டியிலும் அப்படித்தான். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அந்த ஆவி உள்ளேயே படிந்து சொட்டாகும், வெளியே வந்ததும் வெண்மையாகத் தெரியும். குழாய் நுனியிலிருந்து சுத்தமான தண்ணீர் சொட்டுவதும் இதனால்தான். இன்ஜினும் சைலன்சரும் சூடானதும் மறைந்துவிடும். காற்றில் குளிரும் ஈரமும் கூடக்கூட அதிக நேரம் தெரியும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் சைலன்சர் முழுதாகக் காய்வதே இல்லை. அதில் இன்னும் அதிகம்.

இதையும் கூலன்ட் புகையையும் பிரித்துக் காட்ட மூன்று விஷயங்கள் எனக்கு உதவியிருக்கின்றன. ஒன்று, எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது. ஆவி குழாயைவிட்டு வந்ததும் ஒரு கை நீளத்துக்குள் கரைந்துவிடும். கூலன்ட் எரிந்த புகை கனமாக, வண்டிக்குப் பின்னால் தாழ்வாக மிதந்துகொண்டு நிற்கும், இறுதிவரை பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது, வாசனை. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலுக்கு ஒரு இனிப்பான நெடி உண்டு. ஒருமுறை முகர்ந்துவிட்டால் மறக்காது. திறந்த வெளியில், ஒரு அடி தள்ளி நின்று, கையால் மெல்ல விசிறி முகர்ந்தால் போதும். குழாயில் மூக்கை வைக்க வேண்டாம், மூடிய கராஜுக்குள் கண்டிப்பாக வேண்டாம். வருவதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனையே கிடையாது. மூன்றாவது, நேரம். இருபது நிமிடம் ஓடி இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகும், மிதமான வெயிலில், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வெள்ளையாகக் கிளம்பினால் அது ஆவி என்று சமாதானம் செய்துகொள்ள முடியாது.

நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுங்கள். லேசான நீலமும் வெள்ளையும் நிழலில் ஒன்றுபோலவே தெரியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அது பிஸ்டன் ரிங், வால்வ் சீல் சமாச்சாரம், கூலன்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீசல் வண்டியில் வெள்ளைப் புகை என்றால் முதலில் எரியாத டீசலைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளிரில் ஸ்டார்ட் செய்யச் சூடு கொடுக்கும் குளோ பிளக் வேலை செய்யாவிட்டாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை நசுக்கும் அழுத்தம்) குறைந்தாலும் டீசல் எரியாமல் வெள்ளையாக வெளியே வரும். கண்ணை எரிக்கும், டீசல் வாசனை அடிக்கும். டீசலில் கூலன்ட்டே புகையாக வந்தாலும் கேஸ்கெட் மீது நேராகப் போகக் கூடாது. இஜிஆர் கூலர் என்று ஒன்று இருக்கிறது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் கூலன்ட்டால் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் பெட்டி. அது உள்ளே விரிசல் விட்டால் கேஸ்கெட் போன அறிகுறிகளில் பாதி அப்படியே வரும். அதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கினால் அவ்வளவு உழைப்பும் வீண். இன்னொன்று, அரிதுதான், ஆனால் குழப்பிவிடும். பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால், பிரேக் ஆயில், பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்குள் இறங்கி, வேக்குவம் குழாய் வழியாக இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு அடர்த்தியான வெள்ளைப் புகையாக வரும். புகை வருகிறது, கூலன்ட் குறையவில்லை, ஆனால் பிரேக் ஆயில் குறைகிறது என்றால் இதுதான். அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

அக்காவின் காருக்குப் பின்னால் மூன்று நாள் காலையில் நின்றேன். புகை வந்தது. குழாயிலிருந்து அரையடி தாண்டவில்லை. இனிப்பு நெடி இல்லை. இன்ஜின் முதல் சுற்றிலிருந்தே சீராக ஓடியது, மிஸ்ஸிங் இல்லை. ஐந்து நிமிடத்தில் புகை நின்றது. அவள் தினமும் அந்த வண்டியை எடுப்பது சின்னத் தூரத்துக்குத்தான்.

ஆனால் பாட்டிலில் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. அதனால் புகையைத் தனியாக வைத்துவிட்டு, கூலன்ட் எங்கே போகிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். புகையும் குறையும் கூலன்ட்டும் ஒரே வண்டியில் ஒரே மாதத்தில் வந்தால் மனசு தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்த முடிச்சுக்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

கூலன்ட் போக வழிகள் அதிகம் இல்லை. வெளியே சொட்டலாம், கேபினுக்குள் கசியலாம், சிலிண்டரில் எரியலாம், ஆயிலில் கலக்கலாம். இவற்றில் மிகச் சாதாரணமானது வெளியே சொட்டுவதுதான். ஆனால் வெளியே சொட்டினால் தரையில் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். சூடான பிளாக் மேலோ எக்ஸாஸ்ட் குழாய் மேலோ விழும் சொட்டு தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். இப்போது வரும் பல கார்களில் இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் மறைப்பு வேறு இருக்கிறது. சொட்டு அதில் தங்கிக் காய்ந்துபோகும். தண்ணீர் போய்விட்டாலும் அதிலிருந்த நிறமும் மருந்தும் போகாது. அதனால் ஈரத்தைத் தேடக் கூடாது, தடத்தைத் தேட வேண்டும். பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, வெளுத்த உப்புப் போலவோ ஒரு பொருக்கு. ஹோஸ் கிளாம்ப்பின் ஓரம், ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, தெர்மோஸ்டாட் உறை, வாட்டர் பம்ப்பின் அடி. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பொருக்கு நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும்.

எதிர்த் திசையிலும் ஏமாறலாம். ஏசி ஓடிய வண்டிக்கு அடியில் முன்பக்கம் தண்ணீர் சொட்டுவது இயல்பு. விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நிறமில்லாமல், வழுக்காமல், வாசனையில்லாமல் இருந்தால் அது ஏசி தண்ணீர். கூலன்ட் விரலுக்கு நடுவே வழுக்கும். தொட்ட கையை உடனே கழுவிவிடுங்கள். கூலன்ட் தேங்கியிருந்தால் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதன் இனிப்புக்காக நாயும் பூனையும் நக்கிவிடும். எத்திலீன் கிளைக்கால் கொஞ்சமாகப் போனாலும் சிறுநீரகத்தை அழித்துவிடும். இதைப் பற்றிப் பேசாமல் கசிவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேபினுக்குள் கசிவது ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், போனால். முன் இருக்கைப் பக்கம் தரைவிரிப்பு காரணமில்லாமல் ஈரமாக இருக்கும், கண்ணாடியில் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசை போன்ற மூட்டம் படியும், அதே இனிப்பு நெடி வண்டிக்குள் வரும். அக்கா வண்டியில் விரிப்பு காய்ந்துதான் இருந்தது.

அடுத்து அழுத்தச் சோதனை. ஹெட்டை இறக்குங்கள் என்று யார் சொன்னாலும், அதற்கு முன்பு இதைச் செய்தீர்களா என்று கேட்பது நம் உரிமை. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, மானி வைத்த ஒரு கைப்பம்ப்பை அந்த இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை காற்றடிப்பார்கள். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருந்தால் அது பார் கணக்கு. அதற்கு மேல் அடிக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் முள் நகராமல் நின்றால் அமைப்பு இறுக்கமாக இருக்கிறது. இறங்கினால் எங்கோ போகிறது. அப்படியே வண்டியைச் சுற்றி வந்து காதைக் கொடுத்தால் சில நேரம் 'ஸ்ஸ்' என்று கேட்கும். இன்ஜின் ஓடாமல், சூடில்லாமல், விசிறி சுற்றாமல், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்பதுதான் இந்தச் சோதனையின் அருமை. சூடான இன்ஜினில் மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சரிபாதி கூலன்ட்டும் தண்ணீரும் கலந்த கலவை சாதாரணமாக 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் அது 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் போய்விடும். உள்ளிருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. கொதிநிலை இறங்கி, ஏற்றத்தில் பொங்கி வழிந்து, கூலன்ட் குறைந்துகொண்டே போகும். வேறெங்கும் கசிவு இருக்காது. மாற்றுவதற்கு இதைவிடச் சுலபமான பாகம் அந்த அமைப்பிலேயே கிடையாது. அதையும் அதே பம்ப்பில் மாட்டிச் சோதிக்கலாம். நாங்கள் சோதித்தோம், மூடி நன்றாகத்தான் இருந்தது.

பம்ப்பில் முள் இறங்கியது. வேகமாக இல்லை, பதினைந்து நிமிடத்தில் மானியின் ஒரு சின்னப் பிரிவு. காதுக்கு எதுவும் கேட்கவில்லை. அடி மறைப்பைக் கழற்றினோம். பெல்ட் ஓடும் புல்லியின் ஓரத்திலிருந்து பிளாக் வழியாகக் கீழே, ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பாய் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. அதன் உச்சியில் ஒரு துளை. வாட்டர் பம்ப்பின் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று தயாரிப்பவர்களே வைக்கிற துளை அது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். துளையின் வாயில் ஒரு முத்து மெல்லப் பெருத்து, பளபளத்து, பழைய தடத்திலேயே வழிந்து இறங்கியது. அடுத்தது வர நான்கு நிமிடம் ஆனது. ஓடும் வண்டியில் அந்தச் சொட்டு மறைப்புக்குப் போவதற்குள் பாதி காய்ந்திருக்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெளியே ஒரு கசிவு கிடைத்துவிட்டது என்பதால் உள்ளே கசிவே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அக்கா அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவள். அதனால் கேஸ்கெட்டையும் முறையாக விசாரித்தோம்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். ஆயில் தெளிவாக இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் பால் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். இதைக் காட்டித்தான் பலரை பயமுறுத்துகிறார்கள். சின்னத் தூரம் ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே படிகிற ஈரம் மேலே குளிர்ந்த மூடியில் ஒட்டி இப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் நிறமாக, அளவும் ஏறியிருந்தால் அது வேறு விஷயம். அந்த வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. மறுபக்கம், கேஸ்கெட் போனால் ஆயில் கட்டாயம் கெட வேண்டும் என்பதும் இல்லை. என் காரில் தடம் சிலிண்டருக்கும் கூலன்ட் துளைக்கும் நடுவில்தான் இருந்தது. ஆயில் கடைசிவரை சுத்தமாக இருந்தது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தோம். நான்கும் ஒரே பழுப்பு. கூலன்ட் கசியும் சிலிண்டரின் பிளக் மற்றவற்றோடு சேராது. ஆவியில் கழுவியது போல வெளுத்துச் சுத்தமாக இருக்கும். பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தால் பிஸ்டன் தலையும் அப்படித்தான் பளிச்சென்று தெரியும். மற்ற சிலிண்டரில் கரி, ஒன்றில் மட்டும் புத்தம் புதிய அலுமினியம் என்றால் சந்தேகமே வேண்டாம். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷனும் பார்த்துவிடலாம். ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றின் நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை நீலத் திரவம். ஒரு கண்ணாடிக் குழாயில் புரோமோதைமால் நீலம் என்ற சாயம் கலந்த திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் பொருத்தி, ஓடும் இன்ஜினில் கூலன்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை அதன் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்திருந்தால் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு திரவத்தை மஞ்சளாக்கிவிடும். கூலன்ட்டின் அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்; கூலன்ட்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். குமிழியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். கூலன்ட் மாற்றிய பிறகு உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் இருந்தாலும் குமிழி வரும், ஆனால் சாதாரணக் காற்று சாயத்தை மஞ்சளாக்காது. பத்து நிமிடம் உறிஞ்சினோம். அக்கா பக்கத்திலேயே நின்று கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் நீலமாகவே இருந்தது.

வாட்டர் பம்ப்பை மாற்றினோம். பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிட்டோம், கழற்றிய வேலையை மறுபடி செய்ய வேண்டாம் என்று. கூலன்ட் முழுவதையும் வடித்துவிட்டு, தயாரிப்பாளர் புத்தகத்தில் சொன்ன வகையை மட்டும் ஊற்றினோம். நிறத்தைப் பார்த்து ஊற்றக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் சேர்க்கும் சாயம்; உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்து எது என்று நிறம் சொல்லாது. பொருந்தாத இரண்டைக் கலந்தால் மருந்து வீணாகும், சில கலவைகள் கெட்டியாகி அடைத்தும் கொள்ளும். நான் செய்த மாதிரி வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால் கொதிநிலை இறங்குவதோடு உள்ளே துருவும் உப்பும் படியும். வழியில் வேறு கதியில்லாதபோது தண்ணீர் ஊற்றலாம், வீடு வந்து சேர்வதற்கு.

கசிவை உள்ளிருந்தே அடைக்கும் என்று ஒரு திரவம் விற்கிறார்களே, அதை ஊற்றட்டுமா என்று அக்கா முதலிலேயே கேட்டிருந்தாள். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தத் திரவத்துக்குக் கீறல் எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. ரேடியேட்டரையும் சேர்த்தே அடைக்கும். விடைபெறப் போகும் வண்டியை இன்னும் ஒரு வாரம் ஓட்ட வேண்டும் என்றால் ஒருவேளை பயன்படலாம். வைத்துக்கொள்ளப் போகிற வண்டியில் நான் அதை அனுமதிக்க மாட்டேன்.

உண்மையிலேயே கேஸ்கெட்தான் என்று சோதனைகள் சொன்னால், இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். இறக்கிய பிறகு ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புப் பட்டையை நீளவாட்டிலும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வளைவே எல்லை. இது ஒரு தலைமுடியின் தடிமன்தான். சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக் மேல் அலுமினிய ஹெட் என்றால் ஓவர்ஹீட் ஆனபோது வளைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வளைந்த ஹெட்டுக்குப் புது கேஸ்கெட் போட்டால் சில மாதத்தில் அதே புகை திரும்பி வரும். முகத்தைச் சமமாகச் சீவி (ஃபேஸிங் போட்டு), விரிசலுக்கு அழுத்தச் சோதனை செய்து, நீண்டு இறுகும் வகை போல்ட்டுகள் என்றால் புதியதைப் போட்டு, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் முறுக்க வேண்டும். எதனால் ஓவர்ஹீட் ஆனது என்ற கேள்விக்கும் அன்றே பதில் கிடைத்தாக வேண்டும். தெர்மோஸ்டாட்டா, விசிறியா, அடைந்த ரேடியேட்டரா, ஒரு பழைய ஹோஸா என்று தெரியாமல் வண்டியைத் திருப்பி எடுத்து வராதீர்கள்.

பம்ப் மாற்றிய மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருந்தபோது, அக்கா தானே பானெட்டைத் திறந்து ஆறாவது கோட்டைப் போட்டாள். பழைய ஐந்து கோடுகளுக்கும் எதிர்ப் பக்கத்தில், சிவப்பு மார்க்கரில், தேதியோடு. அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் போனில், குளிர்ந்த காலைகளில் இன்னும் புகை வருகிறது, பார்த்தாயா என்றாள். "எவ்வளவு நேரம்?" என்றேன். "நாலு அஞ்சு நிமிஷம். வாசனை இல்லை. கூலன்ட் அந்தச் சிவப்புக் கோட்டுலேயே நிக்குது" என்றாள்.